நேற்று அவங்க பாடு, இன்னிக்கி நம்ம பாடு

ஜெர்மனிக்குப் போய் வந்தேன் என்று தெரிந்ததிலிருந்து, மீன் ஏலம் விடுகிற இடத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அங்க இன்னா பாத்தே?" பனியைப் பார்த்தாயா, கோட்டையைப் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். நான் போனது கோடையில், பனி இல்லை. கோட்டை இருந்தது, ஏறுவதற்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் அங்கே பார்த்தது என் பெண்ணை. இதைச் சொன்னால், அவளைத்தான் வாரம் தவறாமல் வீடியோ காலில் பார்க்கிறாயே என்று சிரிக்கிறார்கள். வீடியோ காலில் முகம்தான் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் தோணிரேவில் பிறந்தவள். வாக்கப்பட்டது அதே பழவேற்காடு ஏரிக்கரையில் இன்னொரு குப்பத்துக்கு. நான் பத்தாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் ஐந்தாவதோடு போதும் என்று வலைக்குப் போய்விட்டார். அவர் பிடிப்பார், நான் விற்பேன். எங்களுக்கு ஒரே பெண். மீஞ்சூரில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய் நர்சிங் படித்தாள். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழி படித்து, பரீட்சை எழுதி, அந்த ஊருக்கு நர்ஸாகப் போய்ச் சேர்ந்தாள். போய் நாலு வருஷம் ஆகிறது. போன கோடையில் எங்கள் இருவரையும் வரவழைத்தாள். ஒரு வேன் எடுத்து, கூடாரம் போட்டுத் தங்கிக்கொண்டே காட்டு ஊர்களைச் சுற்றிக் காட்டப் போவதாகச் சொன்னாள். வீடு இருக்கும்போது எதற்குக் கூடாரம் என்று கேட்டேன். அங்கே அதுதான் சந்தோஷமாம்.

விமான நிலையத்தில் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் விஷயம் இதுதான்:

"யம்மா, இங்க யார்னா நைனா இன்னா பண்றார்னு கேட்டா, மீன் பிசினஸ்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ எதுவும் மாத்திச் சொல்லாத."

நான் எங்கே போய் மாற்றிச் சொல்வது? எனக்கு அந்த மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் சுருக்கென்று தைத்தது. இந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, தகப்பன் தொழில் என்ற இடத்தில் மீனவர் என்று என் கையால் எழுதியவள் நான். அவருக்கும் காதில் விழுந்தது. பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "பிசினஸ்தானே, வுடுமே" என்றார். அவர் எதையும் விட்டுவிடுகிறவர். நான் விடுகிறவள் இல்லை. என் பெண் எங்களை நினைத்து வெட்கப்படுகிறாளா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை என்று காரில் உட்காரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவள் இருந்தது ஒரு மாடி வீட்டின் இரண்டாம் தளத்தில். போன மறுநாள் காலையில் பார்த்தால், வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்குகிறது. அதில் என்னமோ எழுதியிருந்தது. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பெண் சிரித்தாள். அந்த வாரம் மாடிப்படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்கிற முறை இவளுடையதாம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டுக்காரர். செய்து முடித்தவர் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். கீழ்வீட்டு அம்மாள் விரலால் தடவிப் பார்த்து, தூசி இருந்தால் திரும்பவும் கொண்டுவந்து மாட்டிவிடுவாளாம்.

"அட, இங்கயும் பாடு கீதா" என்றேன். வீட்டுக்காரர் முகத்தில் அந்த ஊருக்கு வந்தபிறகு முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது.

பாடு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. முகத்துவாரத்தை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வழியில் இறால் தானாக வரும். தள்ளிப் போனால் நாள் முழுக்க நின்றாலும் குழம்புக்குத் தேறாது. அந்த நல்ல இடத்தை வசதியானவனோ வாட்டசாட்டமானவனோ பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. இன்று இந்த இடம் இவர்களுக்கு, நாளை அவர்களுக்கு என்று ஊர் கூடி வரிசை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சண்டை வராமல் இல்லை. வரிசையில் யார் முன்னே யார் பின்னே என்றுதான் சண்டை வரும். வரிசையே எதற்கு என்று கேட்டு எவனும் சண்டைக்கு வந்ததில்லை. இன்னொன்றும் உண்டு. முறை முடிந்தவன் அடுத்தவன் வந்து கேட்கிறவரைக்கும் காத்திருக்கக் கூடாது. தானே வலையை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கேட்க வைப்பது கேவலம்.

அன்றைக்கு மாடிப்படியை நான் துடைத்தேன். கீழ்வீட்டு அம்மாள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரலையும் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள். அதுதான் பாராட்டு என்று பெண் சொன்னாள். பலகையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் மாட்டியபோது எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. வெள்ளைக்காரன் தேசத்திலும் பாடு இருக்கிறது என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த வினைக்கு அதுதான் விதை.

வேன் வந்தது. பெண்தான் ஓட்டினாள். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்தார். அவள் கண்ணாடியைப் பார்ப்பதும், விளக்குப் போட்டுத் திரும்புவதும், மலை வளைவில் எதிரே லாரி வந்தால் நிதானமாக ஒதுங்குவதுமாக ஓட்டியதைப் பின்னாலிருந்து பார்க்கப் பார்க்க எனக்குக் கழுத்து நீண்டுவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடித்த பெண். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பெருமை ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது.

அந்தக் காட்டுக்குப் பெயரே கறுப்புக் காடு. பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. பட்டப்பகலில் உள்ளே இருட்டாக இருக்கும். மரங்கள் நேராக, ஒன்றுக்கொன்று தோளிடித்துக்கொண்டு நிற்கின்றன. எனக்குப் பிடித்தது. அவருக்கு மூச்சு முட்டியது. "தூரமே தெரியலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது வருஷமாகத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோடாகத் தெரிகிற கரையைப் பார்த்தே பழகிய கண் அது. மலை உச்சியில் மரம் விலகி, கீழே பள்ளத்தாக்கு விரிந்த இடத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறினார்.

ஊர்கள் எல்லாம் காட்டுக்கு நடுவில், ஆற்றை ஒட்டிக் கிடந்தன. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். கூரை கீழே இறங்கி இறங்கி, எட்டித் தொட்டுவிடலாம் போல இருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ. விறகை வெட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்த அழகைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒரு கட்டைகூட வெளியே நீட்டிக்கொண்டில்லை. இந்தப் பெண்டுகள் கருவாடு அடுக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

ஒரு ஊரின் காட்சிச்சாலையில் சுவர் உயரத்துக்கு ஒரு பழைய படம் மாட்டியிருந்தார்கள். வெட்டிய மரங்களைச் சேர்த்துக் கட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஆட்கள் கழியோடு நிற்கிறார்கள். காட்டு மரத்தை அப்படித்தான் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவார்களாம். அவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"கட்டுமரம்" என்றார்.

"இது ஆத்துல போறது நைனா" என்றாள் பெண்.

"எதுல போனா இன்னா. கட்டு கட்றவன் ஒரே ஆளுதான்" என்றவர், மரங்களைப் பிணைத்திருந்த முடிச்சை விரலால் காற்றிலேயே போட்டுப் பார்த்தார். அங்கே இருந்த காவலாளி வந்து அவரைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். பெண் பதில் சொன்னாள். நான் உடனே கேட்டேன்: "இன்னா கேட்டாரு? நீ இன்னா சொன்னே?"

"நைனா இன்னா வேலை பண்றார்னு கேட்டார்."

"அதுக்கு?"

அவள் பைக்குள் வேன் சாவியைத் தேட ஆரம்பித்தாள். அன்று மாலை கூடாரத்தில் நான் கழுவிய தட்டுகளின் சத்தம் பக்கத்து மலை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். அவரோ ஒரு குச்சியைச் சீவிக்கொண்டே, "அதுக்கு இன்னா கஷ்டமோ, கேட்டாத்தானே தெரியும்" என்றார். நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பதில் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு மலை ஏரி. எங்கள் ஏரியைப் பார்த்தவர்கள் அதை ஏரி என்று சொல்ல மாட்டார்கள், குளம் என்பார்கள். ஆனாலும் தண்ணீரைக் கண்டதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். கரையோரம் கூடாரம் போட இடம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்க் கட்டை நட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசி இடம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். தண்ணீரை ஒட்டி, பெரிய மரத்தடியில், தண்ணீருக்குள் நீண்ட சின்ன மரத்துறையோடு ஒரு இடம் இருந்தது. அதில் வயதான தம்பதி, அவர்களும் ஒரு வேனில் வந்தவர்கள், இரவில் அதிலேயே படுத்துக்கொள்கிறவர்கள். மேசை போட்டு, அதன்மேல் கண்ணாடிக் குவளையில் பூ வைத்து, சாயங்காலம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் குப்பைத் தொட்டிப் பக்கமிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கி நம்ம பாடு" என்று நான்தான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாடிப்படி பெருக்குவதற்கே வாரம் தவறாமல் முறை வைத்திருக்கிற ஜனங்கள், இப்படி ஒரு நல்ல இடத்துக்கு முறை வைக்காமலா இருப்பார்கள்? கட்டைக்குக் கட்டை நம்பர் போட்டிருப்பது பின்னே எதற்கு?

மறுநாள் காலை பெண் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். அவள் குளிக்கப் போனால் ஏரியே வற்றிவிடும், அவ்வளவு நேரம் ஆகும். அந்த நேரம் பார்த்து வயதான தம்பதி வேனைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். இடம் காலி. மேசையும் இரண்டு நாற்காலிகளும் பூக்குவளையும், கொடியில் துண்டுகளும் மட்டும் இருந்தன.

"பாத்தியாயா? முறை முடிஞ்சதும் கரெக்டா கிளம்பிட்டாங்க. வயசானவங்க, சாமானை மறந்துட்டாங்க" என்றேன்.

அவர் தயங்கினார். "பொண்ணு வந்துறட்டுமே."

"அவ வர்றதுக்குள்ள நமக்குப் பின்னால கீறவன் வந்து உக்காந்துக்குவான். நேத்து அவங்க பாடு, இன்னிக்கி நம்ம பாடு. இதுல பொண்ணைக் கேக்க இன்னா கீது?"

முறை என்று வந்துவிட்டால் அவருக்கு மறுபேச்சு இல்லை. எங்கள் கூடாரத்தைப் பிடுங்கி மரத்தடியில் கொண்டுபோய் நட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, வாசலைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, கயிறு ஒவ்வொன்றையும் படகு கட்டுகிற முடிச்சாகப் போட்டார். நான் அவர்கள் மேசையையும் நாற்காலிகளையும் தூக்கிப் போய், நாங்கள் காலி செய்த இடத்தில் ஒழுங்காக வைத்தேன். மேசையைத் துடைத்தேன். கொடியில் கிடந்த அவர்கள் துண்டுகளை மடித்து நாற்காலியில் வைத்தேன். பூவுக்குத் தண்ணீர்கூட மாற்றினேன். நம்ம ஊரில் இப்படி யார் செய்வார்கள், பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்கள்.

வேன் திரும்பி வந்து மரத்தடியில் எங்கள் கூடாரத்துக்கு முன்னால் நின்றது. அந்தப் பெரியவர் இறங்கினார். கூடாரத்தைப் பார்த்தார். தன் நாற்காலிகள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்துகொண்டே போனது. நம்பர்க் கட்டையைக் காட்டி என்னென்னவோ சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நான் விரலை மடக்கிக் காட்டி, "நேத்து நீங்க, இன்னிக்கி நாங்க, நாளைக்கி நீங்க" என்று தமிழிலேயே விளக்கினேன். ரொட்டிப் பையைக் கட்டிக்கொண்டு நின்ற அவர் மனைவி, என் விரலையே பார்த்தாள். அதற்குள் அந்த இடத்தை நிர்வாகம் பண்ணுகிற பெண்ணும் வந்துவிட்டாள். சுற்றியிருந்த கூடாரங்களிலிருந்து தலைகள் நீண்டன.

என் பெண் ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

"யம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"நம்ம பாடுன்னு நெனச்சேன்டி. உன் வீட்டு வாசல்ல பலகை மாட்டலயா?" என்றேன். சொல்லும்போதே தப்பு செய்துவிட்டேன் என்று புரிந்துவிட்டது. உடம்பு கூசியது. எனக்காக இல்லை. அத்தனை பேர் பார்க்க என் வீட்டுக்காரர் கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிந்துவிட்டார். முறை தவறி வலை கட்டியவன் என்று எங்கள் ஏரியில் ஒருத்தனும் அவரைச் சொன்னதில்லை. இங்கே வந்து, என் பேச்சைக் கேட்டு, அந்தப் பெயர் வாங்கிவிட்டார். இப்போது பெண் மன்னிப்புக் கேட்பாள். இவர்கள் பட்டிக்காட்டு ஜனங்கள், ஒன்றும் தெரியாதவர்கள் என்பாள். நான் வந்த நாளாகத் தேடிய பதில் இப்படி எல்லோர் முன்னாலும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நைனா" என்றாள். "கயட்டாத. வுடு."

அவர் குனிந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள். பேச ஆரம்பித்தாள்.

அந்தப் பேச்சில் எனக்கு எதுவும் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஊர் ஊராக ஓட்டல் வாசலில் மீன் படம் போட்ட பலகைகளைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, மீனுக்கு அங்கே ஃபிஷ் என்றும் மீன் பிடிக்கிறவருக்கு ஃபிஷர் என்றும் தெரிந்து வைத்திருந்தேன். அவள் தகப்பனைக் கை நீட்டிக் காட்டினாள். "ஃபிஷர்" என்றாள். பிசினஸ் என்று சொல்லவில்லை. நான் நன்றாகக் கேட்டேன். பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எங்கள் ஏரியை வரைந்தாள். கடலை வரைந்தாள், இரண்டுக்கும் நடுவில் முகத்துவாரத்தை வரைந்தாள், ஏரியில் புள்ளி புள்ளியாக இடங்களைக் குறித்தாள். குச்சி ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்ந்தது. அந்த நீண்ட ஜெர்மன் பேச்சுக்கு நடுவில் "பாடு" என்றாள். கொஞ்சம் பேசி மறுபடியும் "பாடு" என்றாள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் வேறு சொல் தேடவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அப்படியே நின்றேன்.

பெரியவர் மண்ணில் இருந்த படத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஏதோ கேட்டார். பெண் தகப்பனிடம் திரும்பினாள்.

"நைனா, நம்ம முறை வர்ற அன்னிக்கி மீனே வரலைன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேக்கறார். மறுநாளும் அங்கயே இருக்கலாமான்னு."

அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டினார். "எடம்தான் முறை. மீனு ஏரி கையில கீது. அன்னிக்கி வரலைன்னா அது நம்ம பாடு" என்றார். எங்கள் பேச்சில் முறையும் பாடுதான், பட்ட கஷ்டமும் பாடுதான். இதை அவள் எப்படி மொழிபெயர்த்தாள் என்று தெரியாது. கொஞ்சம் திணறித்தான் சொன்னாள். பிறகு அவள் மாடிப்படிப் பலகையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கதவில் மாட்டுவது போலக் கையைக் காட்டினாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவர்கள் வீட்டிலும் அந்தப் பலகை உண்டாம். பெரியவர் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்து, நிறுத்தி நிறுத்தி ஒரு வாக்கியம் சொன்னார்.

"இன்னாடி சொல்றாரு?"

"நாங்க பெருக்கற வேலைக்குத்தான் முறை போட்டோம். நல்ல எடத்துக்கு முறை போடணும்னு எங்களுக்குத் தோணவே இல்லைங்கறார்."

அந்த மரத்தடிக்கு அவர்கள் வருஷா வருஷம் வருகிறார்களாம். ஒருமுறைகூட வேறு யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு நீங்கள் இருங்கள், எங்கள் நாற்காலியைத்தான் ஏற்கெனவே அழகாகக் கொண்டுபோய் வைத்துவிட்டீர்களே என்று சொல்லிவிட்டு, பெரியவர் வேனை ஓட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போனார்.

அன்று பகல் முழுக்க என் வீட்டுக்காரர் மரத்துறையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தூரம் தெரிந்தது அவருக்கு. மத்தியானம் ஊருக்குள் போய் மீன் வாங்கி வந்து, பெண் வைத்திருந்த மிளகாய்த்தூளைப் போட்டு வறுத்தேன். அந்தத் தம்பதியை அழைத்தோம். பெரியவருக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகியது, ஆனாலும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

பாத்திரம் கழுவும்போது பெண் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"வந்த புதுசுல மீனவர் பொண்ணுன்னுதான் சொன்னேன். உடனே தலையைச் சாய்ச்சிக்குவாங்க. வூட்ல கரண்ட் கீதான்னு கேப்பாங்க. சுனாமில யார் செத்தாங்கன்னு கேப்பாங்க. ஒரு அம்மா பழைய கோட்டு ரெண்டு கொண்டாந்து குடுத்துது. அவங்க நல்லவங்கதான். ஆனா நைனாவை நெனச்சி ஒருத்தரும் ஐயோ பாவம்னு சொல்றதை என்னால கேக்க முடியலம்மா. அதுக்கு பிசினஸ்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சிரும்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன். வெட்கம் என்று நினைத்தது வெட்கமே இல்லை. என் மூக்குக்கு மேல் நிற்கிற அதே ரோஷம்தான், என் வயிற்றில் பிறந்து, விமானம் ஏறிப் போய், குளிர் ஊரில் தனியாக நின்றிருக்கிறது. நாலு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, கை முழுக்கச் சோப்பு. ஆனாலும் கட்டிக்கொண்டேன்.

"அந்தக் கோட்டு இன்னாடி பண்ணே?" என்று கேட்டேன்.

"போட்டுக்கினேன். குளிருச்சே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் விடிந்ததும் கண் விழித்துப் பார்த்தால், என் தலைக்கு மேல் கூடாரம் தளர்கிறது. வெளியே வந்தேன். அவர் ஒரு பக்கத்து முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு மறு பக்கம் போயிருந்தார். அந்தத் தம்பதி இன்னும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் கூடாரத்தைச் சுருட்டி வேனில் வைத்தோம். அவர்கள் மேசையை என் வீட்டுக்காரர் தூக்கி வந்து, முந்தின நாள் எங்கே நின்றதோ அதே இடத்தில், புல்லில் இருந்த நான்கு கால் தடங்களைப் பார்த்து வைத்தார். நான் பூக்குவளையை வைத்தேன். பெரியவர் வேன் கதவைத் திறந்து வந்தபோது இடம் தயாராக இருந்தது. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாமே என்று அவர் சொன்னதை எங்களுக்குப் பெண் சொன்னாள். என் வீட்டுக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

"நம்ம பாடு முடிஞ்சிபோச்சி" என்றார். "அவர் வந்து கேக்கற மாதிரி வெச்சிக்கக் கூடாது."

பெரியவர் அவர் கையைப் பிடித்தவர் உடனே விடவில்லை. எங்கள் வேன் திரும்புகிற வரைக்கும் நின்றிருந்தார்.

அன்று சாயங்காலம் இன்னொரு ஊர், இன்னொரு ஏரி. இந்த முறையும் எங்களுக்குப் பின்வரிசைதான். தண்ணீர்க்கரையில் பெரிய வேன் ஒன்றை நிறுத்தியிருந்த மனிதர், கையில் காபிக் கோப்பையோடு பேச்சுக் கொடுக்க வந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். அது என்ன கேள்வி என்று இப்போது எனக்கே தெரியும்.

பெண் தகப்பனை ஒருமுறை பார்த்தாள். "ஃபிஷர்" என்றாள்.

அந்த மனிதரின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவள் சொன்ன அதே சாய்ப்பு. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இவள் முந்திக்கொண்டு, சிரிக்காமல், கரையில் நின்ற அவர் வேனைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். சாய்ந்த தலை நிமிர்ந்துவிட்டது. கோப்பையோடு திரும்பித் தன் வேனைப் பார்த்தார்.

"இன்னாடி கேட்டே?"

"நேத்து நீங்க அங்க இருந்தீங்க, இன்னிக்கி யார் பாடுன்னு கேட்டேன்" என்றாள்.

நான் எழுந்து நாற்காலியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.